செவத்த தண்ணி, கறுத்த தண்ணி

மழை வெறித்ததும் தாத்தா வானத்தைப் பார்க்க மாட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மம்பட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஓடைக்குப் போவார். சின்னப் பிள்ளைகளில் யாராவது பின்னாலேயே ஓடுவோம். எங்கே பெய்தது, எவ்வளவு பெய்தது என்பதையெல்லாம் ஓடைத் தண்ணீரின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். செம்மண் குழம்பாக வந்தால் மேல்காட்டுச் செவலில் நல்ல அடிமழை. சாம்பல் கலந்த கறுப்பில் வந்தால் கரிசலில் இறங்கியிருக்கிறது. இரண்டும் வந்து சேரும் முக்கில் கொஞ்ச தூரம் வரைக்கும் இரண்டு நிறமும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். எங்களுக்கு அது வேடிக்கை. தாத்தாவுக்கு வயிற்றெரிச்சல்.

"பாத்துக்கோங்கடா. இந்தா போறது நம்ம வடக்குப் புஞ்சை. அதை ஒட்டி வருது பாரு, அது உங்க பெரிய தாத்தா வீட்டு மேட்டுக்காடு. சண்டை போட்டுப் பங்கு பிரிச்சோம். இப்ப ரெண்டும் ஒண்ணாப் போயிக் கண்மாயில படுத்துக்கிடும்."

அப்பத்தாவின் காலி மருந்து பாட்டில்கள் திண்ணை மாடக்குழியில் கிடக்கும். ஒருமுறை செவல் தண்ணீரை ஒன்றிலும் கரிசல் தண்ணீரை இன்னொன்றிலும் மோந்து வந்து மாடக்குழியில் வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் செவல் பாட்டிலில் மண் அடியில் உட்கார்ந்து மேலே தண்ணீர் முக்கால்வாசி தெளிந்திருந்தது. கரிசல் பாட்டில் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அசையாமல் வைத்த பாட்டிலிலேயே இறங்காத மண், ஓடுகிற தண்ணீரில் எங்கே இறங்கப்போகிறது? செவல் மண் போகிற வழியில் புதரடியிலோ வரப்போரத்திலோ தங்கும். கரிசல் மண் கிளம்பிவிட்டால் கண்மாய்க்குப் போய்த்தான் நிற்கும். கண்மாய் மறுகால் பாய்ந்தால் அங்கேயும் நிற்காது. எங்கள் ஊருணித் தண்ணீர் பாதி வருஷம் மோர் நிறத்தில் இருந்ததற்கும் இந்த மண்தான் காரணம். அப்பத்தா பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விட்டுத்தான் அதைக் குடிதண்ணீராக்குவாள்.

ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, மெயின்ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்தது. 1985 வரைக்கும் நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். வேறு ஜில்லாவில் வேலை பார்க்கும் சர்க்கார் ஆட்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக மிரட்டுவார்களே, அந்தக் காடுதான் எங்கள் ஊர். 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்துத்தான் முதலமைச்சரானார் என்பதும், ரமணர் பிறந்தது திருச்சுழி என்பதும் எங்களுக்கு இருந்த இரண்டு பெருமைகள். மழையைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தோம். கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கம் சராசரியாக வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. லண்டனில் பெய்வது 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அங்கே அது பன்னிரண்டு மாதமும் தூறுகிறது. இங்கே பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ராத்திரிகளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. தண்ணீருக்குப் பஞ்சமான ஊரில் மண்ணைக் கொண்டுபோவதும் தண்ணீர்தான் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது.

நிலத்தின் சரிவும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. சைக்கிளை மிதிக்காமல் விட்டால் தானாக உருளுமா என்றால் உருளாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். மேலே செவல், அதற்குக் கீழே கரிசல், அதற்கும் கீழே கண்மாய். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய், கடைசியில் குண்டாறு. இப்படித்தான் அந்தக் காடு முழுக்க அமைந்திருக்கிறது.

சித்திரை, வைகாசியில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். ரப்பர் பந்து உள்ளே விழுந்தால் அது பூமாதேவிக்கு. கயிற்றில் கல்லைக் கட்டி எந்த வெடிப்பு ஆழம் என்று பந்தயம் வைப்போம். என் இடுப்பளவு இறங்கிய வெடிப்பு உண்டு. காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும் களி அது. முதல் மழைத் தண்ணீர் முழுக்க இந்த வெடிப்புகளுக்குள்ளேயே இறங்கிவிடும், மேலே கிடக்கிற புழுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அதனால்தான் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் என்பார்கள். இரண்டு மழை விழுந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும். பிறகு அந்த மண் சட்டென்று குடிக்காது. பெய்வதில் பெரும்பகுதி மேலோடு ஓடும். அந்த நேரம் பார்த்துத்தான் பருத்தி இரண்டு இலை விட்டு நிற்கும். தரை மொட்டையாகக் கிடக்கும். கருங்கண்ணிப் பருத்தி போட்டிருந்த காலம் அது. வரிசைக்கு நடுவில் உளுந்தோ பாசியோ விழுந்தாக வேண்டும் என்பது அப்பத்தாவின் சட்டம்.

"தரை தெரியக் கூடாதுடா. பொம்பளப் பிள்ளைக்குத் தலை எப்படியோ அப்படி, காட்டுக்குப் பயிரு" என்பாள். உளுந்தின் விலைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விலைக்காகவும்தான். மழைத்துளி நேராக மண்ணில் அடித்தால் மேல்மண் உடைந்து சகதியாகி மண்கண்ணை அடைத்துவிடும், இலையில் விழுந்து வழிந்தால் அந்த அடி இல்லை என்பதைக் கல்லூரிப் பாடத்தில் படித்தபோது அப்பத்தா உயிரோடு இல்லை.

வரப்பை எங்கள் பக்கம் பொழி என்போம். பொழியைப் பற்றித் தாத்தா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதற்குக் காரணம் எங்கள் கரிசலின் நடுவே அரைகுறையாகக் கிடந்த ஒரு பெரிய மண்கரை. பண்டுக்கரை என்று அதற்குப் பெயர். நான் பிறப்பதற்கு முன்னால் போட்டது. 1959-ல் வந்த நில மேம்பாட்டுத் திட்டங்கள் சட்டம் ஒரு பகுதி முழுவதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டுச் சமமட்ட வரப்பு எழுப்பவும், செலவில் நிலக்காரர் பங்கை வசூலிக்கவும் வழி செய்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வந்து மட்டம் பார்த்துக் கரை போட்டவர்கள் எந்த ஆபீஸ், யார் என்பதெல்லாம் வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. செவலில் போட்ட கரைகள் நன்றாகவே நின்றன. தண்ணீரை மறித்தன, அது ஊறி உள்ளே போனது, கரையை ஒட்டிய மூன்று சாலுக்குக் கம்பு ஆளுயரம் வந்தது. செவல்காட்டுக்காரர்கள் இன்றைக்கும் அதைக் குறை சொல்வதில்லை.

கரிசலில் கதை வேறாகிவிட்டது. தாத்தா சொல்வார், சித்தப்பா நடித்தே காட்டுவார். கரையும் கரிசல் மண்ணில் எழுப்பியதுதானே. கோடையில் அதுவும் வெடித்தது. வெடிப்புக்குள் எலி குடும்பம் நடத்தியது. ஐப்பசியில் தண்ணீர் வந்து கரையில் முட்டி நின்றபோது, ஒரு பக்கம் மண் குடிக்காததால் தேங்கி மல்லியும் பருத்தியும் வேர் அழுகி மஞ்சளடித்தன. இன்னொரு பக்கம் வெடிப்பு வழியாகக் கசிந்த தண்ணீர் கரையை உள்ளுக்குள் அறுத்து, ஒரு ராத்திரியில் உடைப்பு எடுத்தது. அதுவரை நிலம் முழுக்கப் பரவி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், இப்போது ஒரே வாய் வழியாக மொத்தமும் பாய்ந்தது. விடிந்து பார்த்தால் அதற்குக் கீழே ஆள் இறங்கி நிற்கிற ஓடை. வரப்பே இல்லாமல் இருந்திருந்தால் மேல்மண் கொஞ்சம் போயிருக்கும். வரப்பு இருந்ததால் வயலே கிழிந்துபோனது.

தாத்தா அடுத்த வருஷம் செய்த வேலையைத்தான் நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயமாக நினைக்கிறேன். கரையை உசத்திக் கட்டவில்லை. பாதியாகக் குறைத்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லச் சரிவு வருகிற மாதிரி அதைத் திருத்தினார். தாழ்ந்த கோடியில் கரையை வெட்டி, செவல் மேட்டிலிருந்து வண்டியில் கொண்டுவந்த கல்லைப் பரப்பிச் சின்னக் கலுங்கு ஒன்று வைத்தார். கல்லுக்கு மேல்பக்கம் கொழுக்கட்டைப் புல்லைக் கொத்துக் கொத்தாக ஊன்றினார். தண்ணீர் கரையோரமாக நடந்து வந்து, புல்லில் மண்ணை இறக்கி வைத்துவிட்டு, கல் மேல் ஏறிக் கழிந்துபோகும். மேற்பார்வைக்கு வந்த ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டாராம்.

"பெரியவரே, தண்ணியத் தேக்குறதுக்குக் கரை போட்டா, அதை வெட்டி விட்டுருக்கீங்களே?"

"நிக்கச் சொன்னா நிக்குற மண்ணு இல்லைங்கய்யா இது. வழி விட்டா மரியாதையாப் போகும். மறிச்சா நம்ம வீட்டுக்குள்ள பூந்து போகும்."

இந்தப் பதிலைச் சித்தப்பா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அசல் எவ்வளவு என்பது சித்தப்பாவுக்கே வெளிச்சம். ஆனால் விஷயம் உண்மை. கரிசலுக்குச் சமமட்ட வரப்பு சரிப்படாது, லேசான வாட்டம் கொடுத்துத் தண்ணீரைப் பத்திரமான இடத்தில் வடியவிடும் வரப்புதான் சரி என்கிற முடிவுக்கு ஆராய்ச்சிக்காரர்களும் வந்தார்கள். கரிசல் பூமிக்கென்றே 1954-ல் பெல்லாரியில் ஒரு மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஹைதராபாத் பக்கத்தில் பட்டாஞ்செருவில் 1972-ல் வந்த இக்ரிசாட் நிறுவனம், வரப்பையே நம்பாமல் வயல் முழுவதையும் அகலப் பாத்தியும் சாலுமாக, நூற்றுக்கு அரை அடி வாட்டத்தை ஒட்டி அமைத்து, ஒவ்வொரு சாலையும் ஒரு சின்ன வடிகாலாக மாற்றிப் பார்த்தது. 1901-லிருந்து இருக்கிற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும், வேளாண் பல்கலைக்கழகத்தின் கோவிலாங்குளம் நிலையமும் எங்கள் மண்ணுக்குப் பக்கத்திலேயே மானாவாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவை. தாத்தா இவற்றில் எதையும் படித்தவரில்லை. ஒரு உடைப்பைப் பார்த்தவர்.

உடைப்பு என்ற சொல்லே வீட்டில் தீப்பிடித்தது மாதிரி எல்லோரையும் எழுப்பிவிடும். நடுச்சாமத்தில் மழை வலுத்தால் தாத்தா திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். ஆளுக்கொரு சாக்குக் கொங்காணி, அரிக்கேன் விளக்கு, மம்பட்டி. பையன்களுக்கு வேலை கல் எடுத்துக் கொடுப்பது. கரிசல் சகதி காலில் ஒட்டினால் ஒட்டினதுதான். ஒவ்வொரு அடிக்கும் பாதம் கனத்துக்கொண்டே போகும், நின்று மம்பட்டி விளிம்பில் வழித்துப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். கலுங்கு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் சுழித்தால் அங்கே முதலில் புல்பத்தையைத் திணித்து, அதன் மேல் கல், அதன் மேல் மண். மண்ணை முதலில் போட்டால் தண்ணீர் சிரிக்கும் என்பார் தாத்தா. குளிரில் பல் தந்தியடிக்க வீட்டுக்கு வந்தால் அப்பத்தா சுக்குமல்லிக் காப்பி வைத்திருப்பாள். அந்த ராத்திரிகளுக்காகவே நாங்கள் மழையை வேண்டிக்கொள்வோம்.

இவ்வளவு செய்தும் தாத்தாவால் ஜெயிக்க முடியாத எதிரி ஒன்று இருந்தது, பாகப்பிரிவினை. பூட்டனார் காலத்தில் எங்கள் காடு ஒரே பரப்பாகக் கிடந்ததாம். பிள்ளைகள் பிரிக்க உட்கார்ந்தபோது மேடு ஒருத்தனுக்கு, பள்ளம் ஒருத்தனுக்கு என்று பிரிக்க யாரும் சம்மதிக்கவில்லை. மழை குறைந்த வருஷம் பள்ளம் விளையும், கூடின வருஷம் மேடு விளையும். ஆகவே எல்லோருக்கும் கொஞ்சம் மேடும் கொஞ்சம் பள்ளமும் வர வேண்டும். இதைவிட நியாயமான பங்கு இருக்க முடியாது. விளைவு, நிலம் மேலிருந்து கீழாக நீள நீளப் பட்டையாகக் கிழிந்தது. அடுத்த தலைமுறையில் அந்தப் பட்டையும் இரண்டாகப் பிளந்தது. அகலம் குறைந்துகொண்டே போனது, நீளம் மட்டும் அப்படியே.

இருபது முப்பது அடி அகலத்தில் ஏர் ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் ஓட்டுவான்? நீளவாக்கில்தான். குறுக்கே ஓட்டினால் நாலு எட்டுக்கு ஒருதரம் மாட்டைத் திருப்ப வேண்டும்; மாட்டுக்கும் பொறுமை போய்விடும், மனிதனுக்கும். நீளவாக்கில் ஓட்டிய ஒவ்வொரு சாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு வாய்க்கால். மழைத் தண்ணீருக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது போல ஆயிற்று. உழவு தெரியாதவர்கள் செய்த தப்பு என்று சிலர் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அது உழவுத் தப்பில்லை. அண்ணன் தம்பிக்குள் நியாயமாகப் பங்கு வைத்ததற்கு மண் கொடுத்த விலை.

தாத்தா பிடிவாதமாகக் கடைசி உழவைக் குறுக்கே ஓட்டுவார். நேரம் இரட்டிப்பாகும். பக்கத்துப் பட்டையில் பெரிய தாத்தா பொழியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "தம்பி மாட்டுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் குடுக்கான்" என்பார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வருஷங்கள் ஆகியிருந்ததால் அதை அவர் காற்றிடம் சொல்வார். காற்று தாத்தாவிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆடிக்காற்றும் அதன் பங்குக்கு அள்ளும். கோடை உழவு போட்டு விதைக்குத் தயாராகக் கிடக்கிற புழுதி சோற்றில் விழும், கண்ணில் விழும், ராத்திரி பாயை உதறினால் ஒரு கை மண் வரும். அமெரிக்காவில் 1935 ஏப்ரல் 14 அன்று புழுதிப் புயல் பகலையே இருட்டாக்கியது, அந்த மாதக் கடைசியிலேயே மண் பாதுகாப்புக்கென்று சட்டம் போட்டார்கள் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் பக்கம் காற்றுக்கு அவ்வளவு பெரிய பேர் கிடையாது. பொழிகளில் வரிசையாக நின்ற பனையும் உடைமரமும் அதன் வேகத்தை உடைத்துக்கொண்டிருந்தன என்பது, பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டிப் போன பிறகுதான் தெரிந்தது.

போன மண் அத்தனையும் தொலைந்துபோனதாகத் தாத்தா கணக்கு வைக்கவில்லை. "கண்மாயில போட்டு வச்சிருக்கோம்" என்பார். வைகாசியில் கண்மாய் வற்றி வெடித்ததும் அதைத் திரும்ப எடுக்கிற வேலை தொடங்கும். கரம்பை அடிக்கிறது என்று பெயர். விடியக்காலம் மூன்று மணிக்கே மாட்டுவண்டிகள் சலங்கைச் சத்தத்தோடு உள்வாய்க்குள் இறங்கும். கண்மாய்க்குள் எந்த இடத்து மண் எதற்கு என்பதில் ஒரு ஞானம் உண்டு. வரத்துக்கால் வந்து விழுகிற இடத்தில் வெறும் மணலும் குறுமண்ணும்தான். கனமானது முதலில் இறங்கிவிடுமே. உள்ளே போகப் போக மண் மெலிந்து, மடையை ஒட்டிய பள்ளத்தில் வெண்ணெய் மாதிரி வழுவழுக்கும் களி கிடைக்கும். மருந்து பாட்டிலில் இறங்காமல் அடம்பிடித்த அதே மண். கடப்பாரையால் நெம்பினால் பலகை பலகையாகப் பெயரும். ஒவ்வொரு பலகையும் ஒரு வெள்ளம் கொண்டுவந்தது. இடையிடையே நத்தைக்கூடு, மீன்முள். தடித்த பலகையைத் தூக்கிக் காட்டித் தாத்தா, "இது பெரிய மழை வருஷம்டா, உங்க அத்தை கல்யாணத்தன்னிக்குப் பந்தலைத் தூக்குச்சே, அந்த மழை" என்று ஆள் அடையாளம் சொல்வார்.

அந்தக் களி செவல்காட்டுக்குப் போகும். செவல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. கரம்பை கலந்தால் பிடிக்கும். கரிசலுக்குக் கரம்பை வேண்டாம், அதற்கு ஆட்டுக்கிடைதான். அறுப்பு முடிந்த காட்டில் கிடைபோடக் கீதாரிகள் வருவார்கள். ராத்திரிக்கு இத்தனை ஆடு, இத்தனை மரக்கால் தானியம் என்று பேச்சு. இறக்கிய கரம்பையில் நல்ல கட்டியாகப் பார்த்து ஒன்றை அப்பத்தா எடுத்துவைத்துக்கொள்வாள். ஊறப்போட்டுக் குழைத்துத் தலையில் தேய்த்துக் குளித்தால் முடி பட்டுப்போல ஆகும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்கள் தலையிலிருந்து எங்கள் வடக்குப் புஞ்சையின் வாசம்தான் வரும்.

மேட்டிலிருந்து இறங்கின மண் வண்டியேறித் திரும்ப மேட்டுக்குப் போகும். இந்தச் சுற்று நிற்காத வரைக்கும் அரிப்பு ஒரு நஷ்டமாகத் தெரியவில்லை. வண்டியும் மாடும் போனபோதுதான் அது நின்றது. டிராக்டர் வந்த புதிதில் அதை யாரும் கரம்பை அடிக்க வாடகைக்கு எடுக்கவில்லை, கட்டுபடியாகவில்லை. யூரியா மூட்டை சைக்கிள் கேரியரில் வந்துவிட்டது. அப்புறம் கண்மாயில் மண் எடுக்க அனுமதி, சீட்டு, அலைச்சல். உள்வாய் முழுக்க வேலிக்கருவை மண்டியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சென்னை மாகாணத்துக்குள் வந்த மரம்தான்; எங்கள் கண்மாய்க்குள் அது புகுந்தது கரம்பை வண்டி நின்ற பிறகு. கருவையைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. திட்ட வேண்டியதுதான். ஆனால் தரிசாகப் போட்ட காட்டில் எங்கள் பொழிகளை இத்தனை வருஷமாகக் கரையவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான் என்பதையும் சொல்லாமல் விட்டால் பாவம். கரிமூட்டம் போட்டுப் பிழைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நடுவில் நீர்வடிப்பகுதித் திட்டம் என்று வந்தது. தடுப்பணை, பண்ணைக்குட்டை, கல்வரப்பு. நூறு நாள் வேலையிலும் வரப்பு போட்டார்கள், ஊருணி தூர்வாரினார்கள். நல்ல வேலைகளும் நடந்தன. என் மனத்தாங்கல் ஒன்றுதான். மண்ணைப் பிடித்து நிறுத்துகிற இடத்தில் எல்லாம் காசு விழுந்தது. பிடித்த மண்ணைத் திரும்ப மேட்டுக்கு ஏற்றுகிற வேலைக்கு யாரும் கணக்குத் தலைப்பு வைக்கவில்லை. நுழைவாயில் பக்கத்தில் மண் தங்க ஒரு சின்னக் குழி இல்லாத பண்ணைக்குட்டைகள் சில மழையிலேயே தூர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். 2017-ல் குடிமராமத்தோடு சேர்த்து விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு இலவச அனுமதி கொடுத்தபோது, புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை என்று அளவு சொன்னார்கள். பல வருஷம் கழித்து எங்கள் கண்மாயிலிருந்து செவல்காட்டுக்கு மண் ஏறியது. பொக்லைன் வைத்து அள்ளியதில் மணலும் களியும் ஒன்றாகக் கலந்துதான் போயின. எது எதற்கு என்று பார்த்துப் பிரிக்கிற ஆள் அந்த இடத்தில் இல்லை. பதிவுக் காகிதம் இருப்பவருக்குத்தான் அனுமதி என்பதால், காகிதமில்லாமல் வாரத்துக்கு உழுகிறவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது எங்கள் பட்டைகளை உழுவது ஒரே டிராக்டர். ஒன்பது கொத்துக் கலப்பை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இருபதடி அகலத்தில் அதுவும் நீளவாக்கில்தான் ஓடும், மாட்டை விட வேகமாக, மாட்டை விட ஆழமாக. நானும் ஊருக்குப் போகும்போதெல்லாம் குறுக்குழவைப் பற்றிப் பங்காளிகளிடம் சொல்லிப் பார்த்தேன். மண்ணரிப்பு என்றேன், பெல்லாரி என்றேன். பெரிய தாத்தா பேரன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

மாற்றியது டிராக்டர் டிரைவர். ஒருநாள் பொழியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நாலு பேரும் தனித்தனியாக் கூப்புடுறீங்க. ஒவ்வொண்ணுலயும் ஓரத்துக்கு ஓரம் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டணும், டீசல்தான் எரியுது. நாலையும் சேத்து அகலவாக்குல ஒரே இழுப்பா ஓட்டுனா நேரம் மிச்சம். வாடகையும் குறையும். நடுப்பொழியில கலப்பையத் தூக்கி இறக்கிக்கிறேன், கல்லு நட்ட இடம் கலையாது."

தாத்தாவும் பெரிய தாத்தாவும் ஆயுசு முழுக்கப் பேசாமலே விட்ட காரியம் டீசல் கணக்கில் முடிந்தது. மூன்று வருஷமாக நாலு பட்டையும் குறுக்கேதான் உழப்படுகின்றன. தாழ்ந்த கோடியில் தாத்தா வைத்த கலுங்கில் இரண்டு கல் பெயர்ந்து கிடக்கிறது. அதைத் திருப்பி வைக்கிற கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. அது என் பங்கு நிலத்தில் இருப்பதால் நான்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் மற்ற மூவரும். நாலு பேர் தண்ணீரும் அதன் வழியாகத்தானே கழிகிறது, நாலாகப் பிரியுங்கள் என்கிறேன் நான். ஐப்பசிக்குள் பேசி முடிக்க வேண்டும்.